மடிக்கணினியைத் திசைவியாக்குதலும் கம்பியில்லா இயக்கிச் சிக்கல்களும்

மடிக்கணினியைத் திசைவியாக்குதல் என்பது ஒரு மடிக்கணினிக்கு ஈதர்நெட் கம்பி, யூஎஸ்பி மோடம் அல்லது கைப்பேசி வழியாகக் கிடைக்கும் இணைய இணைப்பை, அதே கணினியில் உள்ள வைஃபை அட்டையின் மூலம் பிற கருவிகளுக்குப் பகிர்ந்தளிப்பதாகும். ரவுட்டர் எனப்படும் திசைவியைத் தனியே வாங்காமல், விடுதி அறை, வாடகை வீடு, ஆய்வுக்கூடம் போன்ற இடங்களில் ஒரே கம்பி இணைப்பைப் பலர் பயன்படுத்த இம்முறை உதவுகிறது. திரை உடைந்து மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினிக்கும் இதனால் ஒரு வேலை கிடைக்கிறது.

இம்முயற்சி பெரும்பாலும் தடைபடும் இடம் வைஃபை இயக்கி. "இயக்கி இல்லை" என்றோ "இயக்கியைத் தொடங்க இயலவில்லை" என்றோ திரையில் செய்தி வந்ததும், கண்ணில் பட்ட இயக்கிகளையெல்லாம் பதிவிறக்கி நிறுவிப் பார்ப்பது பலரின் வழக்கம். இயங்குதளத்தையே அழித்து மறுபடி நிறுவுவோரும் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட பல நேரங்களில் இயக்கி கணினியில் இருக்கவே செய்கிறது. அது கேட்கும் வேறொரு கோப்பு இல்லாமல் இருக்கலாம், அட்டை பூட்டப்பட்டிருக்கலாம், அல்லது அந்த இயக்கிக்குத் திசைவியின் வேலையே தெரியாமல் இருக்கலாம். இவற்றுள் எது என்று பிரித்தறியாமல் செய்யப்படும் எந்தத் திருத்தமும் குருட்டாம்போக்குதான்.

இக்கட்டுரையில் வரும் கட்டளைப் பெயர்கள் தமிழ் எழுத்தில் ஒலிப்புக்காகத் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும்.

திசைவி வேலையில் இயக்கியின் பங்கு

வைஃபை அட்டை வழக்கமாக "நிலையம்" என்ற பாங்கில் இயங்குகிறது. அதாவது, வேறொரு திசைவி அறிவிக்கும் பெயரைக் கண்டு, கடவுச்சொல்லைக் கொடுத்து, அதனுடன் சேர்ந்துகொள்ளும் விருந்தாளியாக இருக்கிறது. மடிக்கணினி திசைவியாகும்போது அதே அட்டை வீட்டுக்காரராக மாற வேண்டும். நொடிக்கு ஏறத்தாழ 10 முறை தன் பெயரை அறிவிக்கும் பீக்கன் சட்டகங்களை அனுப்ப வேண்டும். வருவோரின் கடவுச்சொல்லைச் சரிபார்க்க வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்த உறங்கும் கைப்பேசிக்கு வந்த பொட்டலங்களை அது விழிக்கும்வரை எடுத்துவைக்க வேண்டும். இது அணுகுமுனைப் பாங்கு எனப்படுகிறது.

சேரும் கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்குவது, அவற்றின் பொட்டலங்களை முகவரி மாற்றி இணையத்துக்கு அனுப்புவது ஆகிய மற்ற இரண்டு வேலைகளும் இயங்குதளத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் வைஃபை இயக்கிக்கும் தொடர்பில்லை. எனவே கைப்பேசியில் மடிக்கணினியின் வைஃபை பெயர் தெரிந்து, கடவுச்சொல்லும் ஏற்கப்பட்டு, இணையம் மட்டும் வராவிட்டால், இயக்கியைக் குறை சொல்லத் தேவையில்லை. பெயரே தெரியாதபோதுதான் இயக்கியை ஐயப்பட வேண்டும்.

பெட்டியில் அச்சிட்ட பெயரும் சில்லின் எண்ணும்

இயக்கி மடிக்கணினியின் மாதிரிப் பெயருக்கு எழுதப்படுவதில்லை. அதற்குள் இருக்கும் வைஃபை சில்லுக்கு எழுதப்படுகிறது. ஒரே மாதிரிப் பெயரில் விற்கப்பட்ட இரண்டு மடிக்கணினிகளில் ஒன்றில் இன்டெல் அட்டையும் மற்றொன்றில் ரியல்டெக் அட்டையும் இருப்பது சாதாரணம். ஆகவே முதலில் அறிய வேண்டியது சில்லின் அடையாள எண். இது நான்கு இலக்கங்கள் கொண்ட இரண்டு பதினறும எண்களால் ஆனது. முன்பாதி தயாரிப்பாளரையும் பின்பாதி சில்லையும் குறிக்கும். அட்டை உள்ளே செருகப்பட்டதாயின் 8086 என்பது இன்டெல். 14இ4 என்பது பிராட்காம். 168சி என்பது ஏத்தரோஸ். 10இசி என்பது ரியல்டெக். யூஎஸ்பி வழியாகச் செருகப்படும் ரியல்டெக் கருவிகள் 0பிடிஏ என்ற முன்பாதியைக் கொண்டிருக்கும்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வைஃபை அட்டையின் மீதோ, மஞ்சள் குறியுடன் இருக்கும் பெயரற்ற சாதனத்தின் மீதோ வலச்சொடுக்கு செய்து, பண்புகளில் உள்ள விவரங்கள் பகுதியில் ஹார்ட்வேர் ஐடியைத் தேர்ந்தால் இவ்வெண் தெரியும். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையுடன் என்என்கே என்ற தெரிவைச் சேர்த்து இட்டால், எண்ணுடன் "பயன்பாட்டில் உள்ள கெர்னல் இயக்கி" என்ற வரியும் வரும். அந்த வரி இல்லாவிட்டால் எந்த இயக்கியும் அட்டையைப் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். யூஎஸ்பி கருவிக்கு எல்எஸ்யூஎஸ்பி கட்டளை.

இரண்டு பட்டியல்களிலும் அட்டையே காணப்படாவிட்டால் இயக்கியைத் தேடி அலைவதில் பயனில்லை. பயாஸில் கம்பியில்லா வசதி முடக்கப்பட்டிருக்கலாம், உள்ளே அட்டை தளர்ந்திருக்கலாம், பழுதாகியும் இருக்கலாம்.

விலை குறைந்த சில யூஎஸ்பி வைஃபை கருவிகள் இங்கே ஒரு விளையாட்டு காட்டும். செருகியவுடன் தம்மைக் குறுவட்டு இயக்ககமாக அறிமுகப்படுத்திக்கொள்ளும். அதற்குள் விண்டோஸுக்கான இயக்கி இருக்கும். நிறுவிய பிறகே வைஃபை கருவியாக உருமாறும். லினக்ஸில் பார்த்தால் 0பிடிஏ:1ஏ2பி என்ற எண்ணுடன் வெறும் வட்டாகத் தெரியும். அந்த வட்டை வெளியேற்றினாலோ, யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரலைப் பயன்படுத்தினாலோ உண்மையான எண் வெளிப்படும்.

பூட்டப்பட்ட அட்டை

இது எளிய சிக்கல் என்றாலும் நேரத்தை அதிகம் தின்பது. பழைய மடிக்கணினிகளின் பக்கவாட்டில் வைஃபைக்கெனச் சிறு பொத்தான் இருந்தது. புதியவற்றில் விமானப் பாங்கு விசை இருக்கிறது. லினக்ஸில் ஆர்எஃப்கில் லிஸ்ட் என்ற கட்டளை இரண்டு வகைப் பூட்டுகளைக் காட்டும். மென்பூட்டை ஆர்எஃப்கில் அன்பிளாக் கட்டளையால் நீக்கலாம். வன்பூட்டு, பொத்தானையோ விசையையோ அழுத்தினால்தான் நீங்கும். சில லெனோவோ மாதிரிகளில் அப்படியொரு பொத்தானே இல்லாமலிருக்க, ஐடியாபேட் லேப்டாப் என்ற கெர்னல் மாட்யூல் வன்பூட்டு இருப்பதாகத் தவறாக அறிவித்ததுண்டு. அந்த மாட்யூலை இறக்கியதும் வைஃபை இயங்கிவிடும்.

இயக்கி உண்டு, நிலைபொருள் இல்லை

பெரும்பாலான வைஃபை சில்லுகள் தமக்குள் ஒரு சிறு செயலியைக் கொண்டவை. அதில் ஓடும் நிரலே ஃபர்ம்வேர் எனப்படும் நிலைபொருள். கணினி தொடங்கும்போது இயக்கி அதை வட்டிலிருந்து எடுத்துச் சில்லுக்குள் ஏற்றுகிறது. லினக்ஸ் கெர்னலில் இயக்கியின் மூலநிரல் திறந்ததாக இருந்தாலும் நிலைபொருள் தயாரிப்பாளரின் மூடிய கோப்பாகவே இருக்கும். இதனால் கட்டற்ற மென்பொருளை மட்டும் தர விரும்பிய டெபியன், நெடுங்காலம் தன் நிறுவல் வட்டில் இக்கோப்புகளைச் சேர்க்கவில்லை. இயக்கி இருந்தும் வைஃபை வராததற்கு டெபியன் பயனர்களிடையே இதுவே தலையாய காரணமாக இருந்தது. 2022-இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்களித்து முடிவெடுத்த பின், 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் நிலைபொருள் நிறுவல் வட்டிலேயே வருகிறது.

நிலைபொருள் குறைபாட்டைக் கெர்னல் பதிவேடு தெளிவாகச் சொல்லிவிடும். டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடினால் போதும். ஆனால் படிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. இன்டெல் அட்டைகளுக்கான ஐடபிள்யூஎல்வைஃபை இயக்கி, தான் அறிந்த மிகப் புதிய நிலைபொருளை முதலில் கேட்கும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு எண்ணாகக் குறைத்துக்கொண்டே பழையவற்றைக் கேட்கும். ஒவ்வொரு தோல்விக்கும் "பிழை −2" என்ற வரி பதிவாகும். −2 என்பதன் பொருள் கோப்பு இல்லை என்பதே. இப்படிப் பத்து வரிகள் சிவப்பாக வந்தாலும், அவற்றின் கீழே நிலைபொருள் ஏற்றப்பட்டதாக ஒரு வரி இருந்தால் கவலை வேண்டாம். பொருத்தமான நிலைபொருள் எதுவும் கிடைக்கவில்லை என்று பதிவேடு முடிந்தால்தான் உண்மையான குறைபாடு. அப்போது லினக்ஸ் ஃபர்ம்வேர் பொதியைப் புதுப்பிக்க வேண்டும்.

இயக்கி உண்டு, அணுகுமுனைப் பாங்கு இல்லை: பிராட்காம் 4312

அதிகம் குழப்பும் வகை இதுதான். மடிக்கணினி வழக்கமான திசைவியுடன் நன்றாக இணையும், இணையமும் வரும், திசைவியாக்க முயன்றால் மட்டும் மறுக்கும். பிராட்காமின் பிசிஎம்4312 சில்லு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2000-களின் இறுதியில் விற்ற டெல் இன்ஸ்பிரான் வரிசை மடிக்கணினிகள் பலவற்றில் 14இ4:4315 என்ற எண்ணுடன் இது இருக்கிறது. நொடிக்கு 54 மெகாபிட் வரைதான் இதன் வேகம் என்றாலும், மூலையில் கிடக்கும் கணினியைத் திசைவியாக்க நினைப்பவரின் கையில் இருப்பது பெரும்பாலும் இந்த வயதுடைய அட்டைதான்.

இச்சில்லுக்கு லினக்ஸில் இரண்டு இயக்கிகள் உள்ளன. ஒன்று பிராட்காம் நிறுவனமே தரும் மூடிய இயக்கி; டபிள்யூஎல் என்பது அதன் மாட்யூல் பெயர், பிராட்காம் எஸ்டிஏ என்பது பொதிப் பெயர். எஸ்டிஏ என்பது ஸ்டேஷன், அதாவது நிலையம் என்பதன் சுருக்கம். பெயரிலேயே விடை இருக்கிறது: விருந்தாளியாக இருக்க மட்டுமே அது எழுதப்பட்டது, அணுகுமுனைப் பாங்கு அதில் இல்லை. மற்றொன்று பி43 என்ற கட்டற்ற இயக்கி. பிராட்காம் அக்காலத்தில் சில்லின் விவரக்குறிப்பை வெளியிடாததால், ஒரு குழுவினர் மூடிய இயக்கியை ஆராய்ந்து விவரக்குறிப்பை எழுத, வேறொரு குழுவினர் அக்குறிப்பை மட்டும் பார்த்து இயக்கியை எழுதினர். 2008 ஜனவரியில் வெளியான கெர்னல் 2.6.24-இல் பி43 சேர்ந்தது. 4312 போன்ற குறைமின் வகைச் சில்லுகளுக்கான ஆதரவு 2009 டிசம்பரில் வந்த 2.6.32-இல் சேர்ந்தது. இந்த இயக்கிக்கு அணுகுமுனைப் பாங்கு தெரியும். 2010 செப்டம்பரில் பிராட்காமே ஒரு திறந்த இயக்கியை வெளியிட்டது என்றாலும், அது அடுத்த தலைமுறைச் சில்லுகளுக்கானது. 4312 அதில் இடம்பெறவில்லை.

உபுண்டுவில் "கூடுதல் இயக்கிகள்" சாளரம் இந்த அட்டைக்கு மூடிய இயக்கியைத்தான் பரிந்துரைக்கும். அதை நிறுவும்போது, மோதல் வரக்கூடாது என்பதற்காக பி43, எஸ்எஸ்பி, பிசிஎம்ஏ போன்ற மாட்யூல்கள் தடைப்பட்டியலில் சேர்க்கப்படுகின்றன. அதன்பின் பி43-க்கான நிலைபொருளை எத்தனை முறை நிறுவினாலும் அந்த இயக்கி தலைகாட்டாது. "இயக்கி காணாமற்போய்விட்டது" என்ற முறையீடுகளில் ஒரு பகுதி உண்மையில் இந்தத் தடைப்பட்டியலின் விளைவு. முதலில் மூடிய இயக்கியின் பொதியை அமைவுக் கோப்புகளோடு முழுமையாக நீக்க வேண்டும். மாட்ப்ரோப்.டி அடைவில் தடை வரிகள் எஞ்சியிருந்தால் அவற்றையும் அகற்ற வேண்டும். பிறகு பி43 நிலைபொருள் நிறுவிப் பொதியை நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். பிராட்காம் நிலைபொருளைப் பிறர் பகிர உரிமம் இல்லாததால், அப்பொதிக்குள் நிலைபொருள் இராது. நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்து பிராட்காமின் இயக்கிக் கோப்பை இறக்கி, பி43 எஃப்டபிள்யூகட்டர் என்ற கருவியால் அதிலிருந்து நிலைபொருளை வெட்டியெடுத்து வைக்கும். ஆகவே இந்தப் படிக்கு இணைய இணைப்பு கட்டாயம். இணைப்பின்றி நிறுவினால் பிழை கண்ணில் படாமல் நழுவிப்போய், அடுத்த தொடக்கத்தில் "யூகோட்15 கோப்பு கிடைக்கவில்லை" என்று பதிவேடு சொல்லும்.

எந்த அட்டையாயினும் இந்தச் சோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளலாம். ஐடபிள்யூ லிஸ்ட் என்ற கட்டளை இட்டு, ஆதரிக்கப்படும் பாங்குகளின் பட்டியலில் ஏபி என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த இயக்கியுடன் திசைவி அமைக்க இயலாது. எந்த அமைவும் அதை மாற்றாது. இன்டெலின் 3945, 4965 ஆகிய பழைய அட்டைகளின் லினக்ஸ் இயக்கிகளும் இந்தப் பட்டியலில் தோற்பவை. ஏத்தரோஸ் சில்லுகளுக்கான ஏத்9கே இதற்கு நேர்மாறு. 2008 முதல் திறந்த நிரலாக இருக்கும் இந்த இயக்கி, உள்ளே செருகப்படும் அட்டைகளுக்குத் தனி நிலைபொருள்கூடக் கேட்பதில்லை. அணுகுமுனைப் பாங்கும் நன்றாக வேலை செய்யும். பழைய கணினியில் இந்த அட்டை இருப்பவர் நல்லூழ் வாய்ந்தவர்.

அதே வெளியீட்டின் இறுதியில் செல்லுபடியாகும் சேர்க்கைகள் பற்றிய வரி ஒன்று இருக்கும். ஒரே அட்டையால் வைஃபை மூலம் இணையத்தைப் பெற்று, அதே வைஃபை மூலம் பகிர எண்ணுவோர் இதைப் பார்க்க வேண்டும். தடங்களின் எண்ணிக்கை 1 என்று இருந்தால், மேலுள்ள திசைவி இயங்கும் தடத்திலேயே மடிக்கணினியும் இயங்க வேண்டும். இரு பக்கமும் ஒரே காற்றைப் பங்கிடுவதால் வேகமும் ஏறத்தாழ பாதியாகும்.

இணையத்தில் உலவும் பழைய வழிகாட்டிகள் சில, விண்டோஸ் இயக்கியை லினக்ஸில் ஓட்டும் என்டிஐஎஸ்ராப்பரைப் பரிந்துரைக்கின்றன. அதற்கும் அணுகுமுனைப் பாங்கு இல்லை என்பதால் திசைவி வேலைக்கு அதைத் தொடத் தேவையே இல்லை.

இயக்கியின் மேல் விழும் பழி

லினக்ஸில் அணுகுமுனையை நடத்தும் ஹோஸ்ட்ஏபிடி நிரலின் பிழைச்செய்திகள் இயக்கியைச் சுட்டிக்காட்டும் பழக்கமுள்ளவை. "இயக்கியின் பாங்கை அமைக்க இயலவில்லை", "என்எல்80211 இயக்கியைத் தொடங்குதல் தோல்வி" என்று அது சொன்னால், பலமுறை நடந்திருப்பது வேறு: நெட்வொர்க் மேனேஜர் அதே அட்டையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு வேறு திசைவியைத் தேடிக்கொண்டிருக்கும். அந்த அட்டையை நிர்வகிக்க வேண்டாம் என்று நெட்வொர்க் மேனேஜருக்குச் சொல்லிவிட்டால் ஹோஸ்ட்ஏபிடி ஓடத் தொடங்கும். மாணவர்களுக்கு இதைவிட எளிய வழி, ஹோஸ்ட்ஏபிடியை விட்டுவிட்டு நெட்வொர்க் மேனேஜரிடமே ஹாட்ஸ்பாட் வேலையை ஒப்படைப்பது. அது முகவரி வழங்கலையும் முகவரி மாற்றத்தையும் தானே பார்த்துக்கொண்டு, 10.42.0.1 என்ற முகவரியில் திசைவியாக நிற்கும். அதன் பழைய வெளியீடுகளில் ஒரு குறை இருந்தது. ஹாட்ஸ்பாட் என்ற பெயரில் அட்-ஹாக் வலையை உருவாக்கிவிடும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அட்-ஹாக் வலையைப் பட்டியலில் காட்டாததால், மடிக்கணினி "இயங்குகிறது" என்று சொல்லும்போதே கைப்பேசியில் எதுவும் தெரியாது.

"தடத்தை அமைக்க இயலவில்லை" என்பது மற்றொரு வகை. ஒவ்வொரு நாட்டிலும் எந்த அலைவரிசையில் யார் பேச்சைத் தொடங்கலாம் என்பதற்கு விதிகள் உள்ளன. இயக்கி அவற்றைக் கடைப்பிடிக்கிறது. நாட்டுக் குறியீடு அமைக்கப்படாத கணினி 00 என்ற உலகப் பொதுவிதியில் இயங்கும். அதில் பல தடங்களில் அணுகுமுனை நடத்த அனுமதி இல்லை. இந்தியாவுக்கு ஐஎன், இலங்கைக்கு எல்கே என்று அந்தந்த நாட்டின் ஈரெழுத்துக் குறியீட்டை அமைக்க வேண்டும். இன்டெல் அட்டைகள் இதிலும் கண்டிப்பானவை. இருக்கும் இடத்தைச் சுற்றியுள்ள சமிக்ஞைகளிலிருந்து தாமே ஊகித்து, 5 கிகாஹெர்ட்ஸ் தடங்களை "நோ ஐஆர்" என்று குறித்துவிடும். அந்தத் தடத்தில் பிறர் பேச்சுக்குப் பதில் சொல்லலாம், தானாகத் தொடங்கக் கூடாது என்பது அதன் பொருள். பழைய கெர்னல்களில் இதை அணைக்க ஓர் அளபுரு இருந்தது, பின்னர் நீக்கப்பட்டது. இன்டெல் அட்டையில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய தடங்களில் ஒன்றைத் தேர்வதே நடைமுறைக்கு ஏற்றது.

விண்டோஸில்

2009-இல் வந்த விண்டோஸ் 7, ஒரே அட்டையை விருந்தாளியாகவும் வீட்டுக்காரராகவும் காட்டும் ஹோஸ்டட் நெட்வொர்க் என்ற வசதியைக் கொண்டுவந்தது. நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் நெட்எஸ்எச் கட்டளையால் பெயரையும் 8 முதல் 63 எழுத்துகள் கொண்ட கடவுச்சொல்லையும் கொடுத்து இதைத் தொடங்கலாம். தொடங்காவிட்டால் "குழுவோ வளமோ வேண்டிய நிலையில் இல்லை" என்ற புதிர்ச்செய்தி வரும். அப்போது டிவைஸ் மேனேஜரின் காட்சிப் பட்டியலில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7-இல் மைக்ரோசாஃப்ட் விர்ச்சுவல் வைஃபை மினிபோர்ட் என்ற பெயரில் இருக்கும் மெய்நிகர் அட்டை முடக்கப்பட்டிருந்தால், அதை இயக்கியதும் சிக்கல் தீரும். அது இல்லவே இல்லையென்றால் உண்மையான வைஃபை இயக்கியைப் பார்க்க வேண்டும்.

நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ் என்ற கட்டளை, ஹோஸ்டட் நெட்வொர்க் ஆதரவு உண்டா இல்லையா என்று ஒரே வரியில் சொல்லும். விண்டோஸ் 10, 11 கணினிகளில் அந்த வரி "இல்லை" என்று இருப்பதைக் கண்டு பழைய இயக்கிகளைத் தேடி அலைவோர் ஏராளம். இது பெரும்பாலும் வீண் அலைச்சல். புதிய இயக்கிகள் பழைய வசதியைக் கைவிட்டுவிட்டன. 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு முதல் அமைப்புகளில் உள்ள மொபைல் ஹாட்ஸ்பாட், வைஃபை டைரக்ட் என்ற வேறு நுட்பத்தால் இதே வேலையைச் செய்கிறது. கட்டளை "இல்லை" என்றாலும் ஹாட்ஸ்பாட் இயங்கக்கூடும். ஒன்று கவனிக்க வேண்டும்: பகிர்வதற்கு ஓர் இணைய இணைப்பு இல்லாதபோது மொபைல் ஹாட்ஸ்பாட் தொடங்க மறுக்கும். கம்பியைச் செருகாமலே இயக்கியைக் குறை சொல்வது இங்கே எளிதில் நிகழும் தவறு.

இயக்கி உண்மையாகவே இல்லாதபோது டிவைஸ் மேனேஜர் குறியீடு 28-ஐக் காட்டும். குறியீடு 10 என்றால் இயக்கி இருக்கிறது, சாதனம் தொடங்கவில்லை. குறியீடு 22 என்றால் யாரோ முடக்கியிருக்கிறார்கள். 28 வந்தால் மடிக்கணினி நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில், கணினியின் அடியில் ஒட்டிய தொடரெண்ணைக் கொடுத்து இயக்கியைப் பெறுவது முதல் வழி. அங்கே கிடைக்காவிட்டால், சில்லின் ஹார்ட்வேர் ஐடியை மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் தேடலாம். "எல்லா இயக்கிகளையும் ஒரே சொடுக்கில்" தருவதாகச் சொல்லும் நிரல்களை நம்பாமலிருப்பது நல்லது. இயக்கி கணினியின் அடித்தளத்தில் முழு உரிமையுடன் ஓடும் நிரல். யார் தந்தது என்று தெரியாத ஒன்றை அங்கே விடக்கூடாது. புதுப்பிப்புக்குப் பின் சிக்கல் தொடங்கியிருந்தால், இயக்கிப் பண்புகளில் உள்ள ரோல் பேக் பொத்தான் முந்தைய இயக்கியை மீட்டுத் தரும்.

இயக்கியே எழுதப்படாத சேர்க்கைகளும் உண்டு. இன்டெலின் ஏஎக்ஸ்200 அட்டைக்கு விண்டோஸ் 7 இயக்கி இல்லை. 64 பிட் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

இணையம் இல்லாமல் இயக்கியைப் பெறுதல்

வைஃபை இயக்கி வேண்டுமானால் இணையம் வேண்டும். இணையம் வேண்டுமானால் வைஃபை இயக்கி வேண்டும். ஈதர்நெட் துளை இல்லாத மெல்லிய மடிக்கணினிகளில் இந்தச் சிக்கல் கடுமையானது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், கணினி அதை ஒரு கம்பி வலை அட்டையாகக் காணும். விண்டோஸ் 10, உபுண்டு போன்றவற்றில் பெரும்பாலும் இதற்குத் தனி இயக்கி வேண்டாம். கைப்பேசி அப்போது வைஃபையில் இருந்தால் அந்த இணைப்பையே பகிர்வதால், கைப்பேசித் தரவு செலவாகாது. ஐஃபோனாயின் விண்டோஸில் ஆப்பிளின் மென்பொருளை முன்பே நிறுவியிருக்க வேண்டும்.

நேற்றுவரை ஓடிய இயக்கி இன்று மறைதல்

லினக்ஸில் கெர்னலுக்கு வெளியிலிருந்து நிறுவப்படும் இயக்கிகள், கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் மறுபடி தொகுக்கப்பட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற அமைப்பு இதைத் தானாகச் செய்யும். ஆனால் புதிய கெர்னலுக்கான ஹெடர் பொதி இல்லாவிட்டால் தோற்கும். புதுப்பித்து மறுதொடக்கம் செய்ததும் வைஃபை மறைந்துவிட்டால், தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து பார்ப்பதே விரைவான சோதனை. அதில் வைஃபை வந்தால் காரணம் உறுதி. ஹெடர் பொதியை நிறுவி மறுபடி தொகுத்தால் போதும்.

செக்யூர் பூட் இயங்கும் கணினியில் தொகுப்பு வெற்றி பெற்றாலும், கையொப்பமிடாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. "தேவையான சாவி கிடைக்கவில்லை" என்ற செய்தி இதன் அடையாளம். உபுண்டு இயக்கியை நிறுவும்போதே ஒரு கடவுச்சொல்லைக் கேட்டு, அடுத்த தொடக்கத்தில் நீலத்திரையில் சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். அத்திரை சில நொடிகளே நிற்கும். அது என்னவென்று அறியாமல் தொடர் என்ற தெரிவை அழுத்திவிடுவோரின் இயக்கி நிறுவப்பட்டிருந்தும் ஏறாமல் கிடக்கும்.

வேறு அட்டை வாங்குதல்

பட்டியலில் அணுகுமுனைப் பாங்கு இல்லை, மாற்று இயக்கியும் இல்லை என்று உறுதியானால், யூஎஸ்பி வைஃபை கருவி ஒன்றைச் செருகுவது எளிய தீர்வு. உள்ளிருக்கும் அட்டையால் இணையத்தைப் பெற்று, வெளியிலுள்ளதால் பகிரவும் செய்யலாம். வாங்கும்போது பெயரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற கருவியின் முதல் பதிப்பில் ஏத்தரோஸ் ஏஆர்9271 சில்லு இருந்தது. லினக்ஸில் செருகியதும் அணுகுமுனைப் பாங்குடன் இயங்கும். அதே பெயரில், அதே தோற்றத்தில் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சில்லு இடம்பெற்றது. அதற்குத் தனி இயக்கி தேட வேண்டியதாயிற்று. பழைய வழிகாட்டிகள் புகழ்வது முதல் பதிப்பை. பதிப்பெண் கருவியின் மேல் ஒட்டிய வில்லையில் தொடரெண்ணுக்கு அருகில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.